ஷட்டருக்கு இந்தப் பக்கம்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில், சுடச்சுட ஸ்கோன் என்கிற சின்ன ரொட்டி ஒன்றோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

நியூஸிலாந்தின் கிழக்குக் கரையில் நான் வெகுகாலமாக இருக்கும் ஊரில் பொது மண்டபம் என்று ஒன்றுதான் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அங்கேதான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்குப் போனால் மண்டபம் நிறையச் சமூகப் பணியாளர்கள். ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். என் மாணவர்கள் கெட்டிக்காரர்கள், மழையைப் பார்த்ததும் வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். வந்து மாட்டிக்கொண்டது நான்தான்.

“வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க. ஸ்கோன் மிச்சம் இருக்கு” என்றார் முன்னால் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்த ஃப்ளோரா. குடும்பநல வழக்குகளிலேயே தலை நரைத்த வக்கீல். சமூகப் பணியாளர்களுக்குக் குடும்பச் சட்டம் சொல்லிக்கொடுக்க ஊர் ஊராகப் போகிறவர்.

உட்கார்ந்தேன். ஒரு குழந்தையை யார் வளர்ப்பது என்று சிக்கல் வந்தால் குடும்பத்தைக் கூட்டிவைத்து அவர்களையே முடிவெடுக்கச் சொல்லும் ஒரு கூட்டம் அந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பாடம்.

“உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லுங்க. சட்டம் என்னன்னு ஒளிக்காம சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் எழுந்து வெளிய போங்க. அவங்களா கூப்பிடுற வரைக்கும் உள்ள உங்களுக்கு வேலை கிடையாது. நான் சொல்லல, சட்டம் சொல்லுது.”

மண்டபமே சிரித்தது. முன் வரிசையில் இருந்த ஒரு பெண், “வெளிய போய் நிக்கிறது இருக்கே, பிள்ளை பெத்ததுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இல்ல ஃப்ளோரா” என்றாள்.

அந்தப் பெண்ணைத்தான், வீட்டுக்குப் போகும் வழியிலேயே மெரானியா என்று பெயர் வைத்து எடுத்துக்கொண்டுவிட்டேன். அவளுக்குத் தெரியாது. அவள் சொன்ன அந்த ஒரு வரி போக மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“அலைகள் பாறையில் மோதிச் சிதறிய அந்தக் காலையில் மெரானியாவின் மனமும்” — இத்தோடு கை நின்றுவிட்டது. அலை சிதறினால் மனமும் சிதற வேண்டும் என்று என்ன கட்டாயம்?

“காப்பாளர் எனப்படுபவர் யாரெனில், குழந்தையின் பெற்றோர், அல்லது நீதிமன்றத்தால்” — அப்பழுக்கில்லாத வரி. ஃப்ளோரா கைதட்டுவார். நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.

“மெரானியா எந்த விருந்துக்குப் போனாலும் கடைசியாகக் கிளம்புகிறவள்.” இது இருக்கட்டும். இதிலிருந்து போவோம்.

மெரானியா எந்த விருந்துக்குப் போனாலும் கடைசியாகக் கிளம்புகிறவள். விடைபெற்றுக்கொண்டு வாசல் வரை வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டே அரை மணி நேரம் பேசுவாள். அவள் புருஷன் காரைக் கிளப்பி உறுமவிட்டுப் பார்த்து, அணைத்துவிட்டு, தூங்கியும் போயிருக்கிறான். அவள், அந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிக் குடும்பம் ஒன்றில் எட்டாவது பிள்ளை. தான் இல்லாத அறையில் நல்லதாக எதுவும் நடந்துவிடாது என்பது சின்ன வயதிலிருந்தே அவளுடைய நம்பிக்கை. இப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலை, ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் விஷயத்தில் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, சரியான நேரத்தில் எழுந்து வெளியே போவது. கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்.

3

அவளிடம் வந்த குடும்பம் இது.

கஹு என்று ஒரு பெண் குழந்தை, ஆறு வயது. பல் முளைப்பதற்கு முன்பே அவளைத் தாய்மாமன் தூரோவா தூக்கிக்கொண்டு போய் வளர்க்கிறான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன், நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. “பஸ் நிறையப் பிள்ளைங்க, இதுக்கு மேல எதுக்கு?” என்பான். கஹுவின் அம்மா நையோ, அவனுடைய தங்கை. பிள்ளை பிறந்த கையோடு அவளுக்கு மனசு சரியில்லாமல் போய், தேறி, ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனவள். உறவுக்குள் பிள்ளையைக் கொடுத்து வளர்ப்பதற்கு மாவோரிகளிடம் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது, ஃபாங்கை என்பார்கள். இன்னார் பெற்றது, இன்னார் வளர்ப்பது என்று ஊருக்கே தெரியும். ஒளிவுமறைவு கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

(இங்கேதான் ஃப்ளோரா குறுக்கே வந்தார். சட்டப் பிழை பார்க்கக் கொடுத்த முதல் பிரதியைப் படித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “அப்பா எங்க?” நான் விழித்தேன். “சமூகப் பணியாளருங்களும் இதையேதான் மறக்குறாங்க. அம்மாவத் தேடுவாங்க, அத்தையத் தேடுவாங்க. அப்பனும் ஒரு காப்பாளர்தான்னு நாலு மாசம் கழிச்சு ஞாபகம் வரும்.” ஆகவே அவசர அவசரமாக ஒரு அப்பா: டேன், ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் வேலை, கெட்டவன் இல்லை. கூட்டத்துக்கு அவன் குரல் மட்டும் வரும், போன் வழியாக.)

சிக்கல் காதில் ஆரம்பித்தது. கஹுவுக்குக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்டு சரியாகக் கேட்பதில்லை. அதனால் ரகசியத்தைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லுவாள். செவிப்பறையில் சின்னதாக ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் தூரோவா பேனாவை எடுத்தான். “நீங்க காப்பாளரா?” என்று கேட்டார்கள். “நான் மாமா” என்றான். மாமா போதாது என்றார்கள்.

தமிழில் இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. நம் ஊரில் தாய்மாமன் மடியில் உட்காரவைக்காமல் காது குத்துவார்களா? அங்கே தாய்மாமன் கையெழுத்து போட்டால் காதைத் தொட மாட்டேன் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நையோவுக்குப் போன் போனது. அவள் சரி என்றாள். சொன்னதோடு நிற்காமல் அடுத்த வாரமே விமானமேறி வந்து இறங்கினாள். வடக்கே ஹாமில்டன் நகரத்தில் வேலை தேடிக்கொண்டுவிட்டாள், வீடும் பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறக்கும்போது மகள் தன்னோடு இருக்க வேண்டும் என்றாள். அண்ணன் முடியாது என்றான். அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்காரர்கள் மெரானியாவின் அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

4

நையோவோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எழுத எழுத அவள் வில்லியாகிக்கொண்டே போனாள். முதலில் உயரமான செருப்பு போட்டு வந்தாள், கழற்றினேன். அடுத்த பிரதியில் மகளின் பிறந்தநாளை மறந்தாள், அதையும் அடித்தேன். விட்டுப் போன அம்மா என்றால் கை தானாக அவளைக் கெட்டவளாக்கிவிடுகிறது. கடைசியில் பெர்த் நகரத்தில் வயசானவர்களைக் குளிப்பாட்டிவிடும் வேலையை அவளுக்குக் கொடுத்தேன். தினமும் யாரோ பெற்ற கிழவர்களுக்குத் தலை துவட்டிவிட்டு, தான் பெற்றதின் தலையை நினைத்துக்கொண்டிருந்தவள். அப்புறம் எனக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று, மெரானியாவுக்கும்.

ஆனாலும் மெரானியாவின் மனசு தூரோவா பக்கம். காலையில் கஹுவுக்குத் தலைபின்னிவிடுவதற்காகவே அவன் யாரிடமோ பின்னல் கற்றுக்கொண்டிருந்தான். பேருந்து ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அவளுக்கென்று ஓர் இடம். அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். இதையெல்லாம் பார்த்த பிறகு பக்கம் சாயாமல் இருக்க மெரானியா என்ன மரமா?

சட்டமோ நையோ பக்கம். அவள் காப்பாளர். டேன் காப்பாளர். வளர்த்த தூரோவா சட்டத்தின் கண்ணில் யாருமே இல்லை. எந்தக் கோர்ட்டிலும் எந்த உத்தரவும் கிடையாது. நையோ நாளைக்கே பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இது நையோவுக்குத் தெரியாது. வளர்த்தவனுக்கும் உரிமை இருக்கும் என்று நினைத்துத்தான் அண்ணனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தூரோவாவுக்கு ஆஸ்பத்திரியிலேயே பாதி புரிந்துவிட்டது.

குடும்பக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள், பேருந்துக் கொட்டகையில் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தபடி அவன் மெரானியாவிடம் கேட்டான்.

“தங்கச்சி, கூட்டத்துல நீ எல்லாத்தையும் சொல்லணுமா?”

“சொல்லணும்.”

“கொஞ்சம் மறந்துட்டா?”

“எனக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி.”

“எங்க அத்தைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அவங்கள யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடுறதில்ல.” சிரித்தான். சிரித்துக்கொண்டே, “நீ சொல்லிட்டேன்னா அவ கூட்டிட்டுப் போயிடுவா, தங்கச்சி” என்றான்.

அன்று மாலையே நையோ போனில் வந்தாள். “அக்கா, எனக்கு உரிமை இருக்கா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க.” “எல்லாரும் இருக்கும்போது சேர்த்துச் சொல்றேன்” என்றாள் மெரானியா. அப்படிச் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

சொல்லாமல் இருந்தால் வேலைக்குத் துரோகம். சொன்னால் ஒரு நல்ல மனுஷன் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி இன்னொரு நல்ல மனுஷியிடம் கொடுத்த பாவம். எழுதுகிற எனக்கு எவ்வளவு வசதியான இக்கட்டு பாருங்கள். அவளுக்குத்தான் தூக்கம் போயிற்று.

5

கூட்டம் மராயேயில் நடந்தது. மாவோரிகள் உறவோடு கூடும் பொது இடத்துக்கு அதுதான் பெயர். சாப்பாட்டுக் கூடத்தில் நீளமான மேசைகள். சித்தப்பாக்கள், சித்திகள், அத்தை மக்கள் என்று ஒரு பேருந்து நிறைய உறவு. மேசைமேல் போனில் டேன். பிரார்த்தனை ஆயிற்று, பாட்டு ஆயிற்று, தேநீர் ஆயிற்று.

(கூட்டத்தைக் கூட்டி நடத்துவதற்கென்று தனியாக ஓர் அதிகாரி உண்டு. ஆட்களைக் குறைக்க அவருக்குக் காய்ச்சல் வரவழைத்துப் பார்த்தேன். “அவர் இல்லாம கூட்டமே செல்லாது” என்றார் ஃப்ளோரா. குணப்படுத்தித் திரும்ப உட்காரவைத்திருக்கிறேன். அதிகம் பேச மாட்டார்.)

மெரானியா எழுந்தாள். பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறாள் என்பதை முதலில் சொன்னாள். காது ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று என்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஃபாங்கை உங்களோடது. அத யாரும் உங்ககிட்ட இருந்து எடுக்க முடியாது. ஆனா காப்பாளர் யாருன்னு கேட்டா சட்டத்துக்கு அது போதாது. இன்னைக்கு நிலைமைல காப்பாளருங்க நையோவும் டேனும்தான். தூரோவா இல்ல. நையோ இன்னைக்கே கஹுவ கூட்டிட்டுப் போறேன்னா, தடுக்கிறதுக்கு எந்த உத்தரவும் கிடையாது.”

தூரோவா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நையோ அண்ணனைப் பார்த்தாள்.

“இன்னும் இருக்கு, கேளுங்க. யார்கூட இருக்கணும், எப்பப்ப யார் பாக்கணும்னு கோர்ட்ல உத்தரவு வாங்கலாம். காப்பாளரா இன்னொருத்தரையும் சேக்கச் சொல்லிக் கேக்கலாம். எதுவும் வேணாம்னா இப்படியே விடலாம். ஆனா அடுத்த தடவை ஆஸ்பத்திரில இதே கதைதான். எது வேணும்னு நான் சொல்ல மாட்டேன். என் மனசுல ஒண்ணு இருக்கு, அது உங்களுக்கு வேண்டாம். பேசிட்டுக் கூப்பிடுங்க.”

சொல்லிவிட்டு வெளியே போனாள்.

6

இல்லை, முதல் பிரதியில் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரதியில் அவள் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், நானும் அவள் பக்கத்தில். உள்ளே நடந்ததையெல்லாம் எழுதினேன். என்ன மாதிரிக் காட்சி தெரியுமா! நையோ எழுந்து தன் அண்ணனிடம் சென்று, “அண்ணே, நீ வளர்த்த” — தூரோவாவின் கண்ணில் — ஒரு சித்தி பாட ஆரம்பிக்க —

ஃப்ளோரா சிவப்புப் பேனாவால் மூன்று பக்கத்துக்கும் குறுக்கே ஒரே கோடாக இழுத்துவிட்டார்.

“அழகா எழுதியிருக்கீங்க. ஆனா அவ அங்க இருக்கக் கூடாது.”

“கதைதானே?”

“உங்களுக்குக் கதை. அந்தக் குடும்பம் ஒரு அதிகாரி முன்னால அப்படிப் பேசியிருக்குமா? நல்ல பிள்ளை மாதிரி நடிச்சிருக்கும். நீங்க எழுதினது நடிப்பு.”

கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னது சரி. எனக்குப் பிடித்த வசனங்கள் எல்லாம், யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்து பேசிய வசனங்களாக இருந்தன. மெரானியாவை வெளியே அனுப்பினேன். அவள் தோளுக்குப் பின்னால்தான் நான் நிற்க முடியும் என்று முதல் வரியிலேயே முடிவு செய்துவிட்டதால், எனக்கும் வெளியே போவதைத் தவிர வழியில்லை.

7

கூட்டத்தைக் கூட்டிய அதிகாரி காருக்குப் போய் ரக்பி ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தார். மெரானியா சமையலறைக்குப் போனாள். அங்கே பன்றி எலும்பும் கீரையும் பெரிய பானையில் கொதித்துக்கொண்டிருந்தன. காலைத் தேநீரின் கோப்பைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அவற்றைக் கழுவ ஆரம்பித்தாள்.

(இங்கே அவளை மேசைமேல் ஏறி உட்காரவைத்திருந்தேன். சோறு வைக்கிற மேசையில் பின்பக்கத்தை வைக்கிற மாவோரிப் பெண் எந்த ஊரில் இருக்கிறாள்? இதைப் படித்தால் கிழக்குக் கரை முழுக்க என்னைத் திட்டியிருக்கும். நிற்கவைத்துவிட்டேன்.)

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, தட்டுகளை எடுத்துக் கொடுப்பதற்கான ஜன்னல். அதற்கு ஒரு ஷட்டர். ஷட்டர் முழுதாக இறங்காமல் கையகலம் திறந்திருந்தது. குரல்கள் வந்தன. யாரோ ஒரு சித்தியின் குரல், “அவன் பாட்டுக்கு…”

மெரானியாவின் கை தண்ணீருக்குள் நின்றது. சொல்லிவிட்டோமே, நாமே தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று உள்ளே அடித்துக்கொண்டது. ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும், நிம்மதியாகிவிடும். இங்கே நின்று கோப்பை கழுவுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. காதில் விழுந்தால் அவளா பொறுப்பு?

கேள், கேள் என்று நானும் அவள் பின்னால் நின்று பிடரியைப் பிடித்துத் தள்ளினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு போய் ஷட்டரை அடி வரைக்கும் இறக்கினாள். என் மூக்கு நசுங்காதது ஆச்சரியம்.

அப்போது பின்வாசல் வழியாகக் கஹு வந்தாள். அதுவரை முற்றத்தில் கோழி துரத்திக்கொண்டிருந்தவள்.

“ஆன்ட்டி, உங்கள வெளிய அனுப்பிட்டாங்களா?” என்றாள், உள்ளே எல்லோருக்கும் கேட்கிற சத்தத்தில்.

“ஆமா.”

“என்ன தப்பு பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. என் வேலையே அதுதான்.”

“நல்ல வேலை இல்ல” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, துடைக்கிற துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். “என்னைப் பத்தியா பேசுறாங்க?”

“உன்னைப் பத்தித்தான்.”

“என் காதப் பத்தியா, முழுசா என்னைப் பத்தியா?”

“முழுசா.”

கஹு ஒரு கோப்பையை மிகவும் கவனமாகத் துடைத்தாள். “அம்மா வீட்டுல மாமாக்கு ரூம் இல்ல. நான் கேட்டேன்” என்றாள். மெரானியா அடுத்த கோப்பையை அலசி அவளிடம் நீட்டினாள்.

8

காத்திருந்த நேரத்தில் நான் முடிவுகளை யோசித்தேன். வேறென்ன செய்ய?

நையோ அழைத்துப் போகிறாள். தூரோவாவின் பேருந்தில் அந்த இருக்கை காலி. அழுகை நிச்சயம். ஆனால் இதை எழுதினால் நையோவுக்கு நான் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிவிட்ட மாதிரி ஆகும்.

கஹு மாமாவோடு இருக்கிறாள், நையோ தனியாகத் திரும்பிப் போகிறாள். மெரானியாவுக்குப் பிடித்த முடிவு. அவளுக்குப் பிடித்தது என்பதாலேயே எனக்குச் சந்தேகம்.

நையோ ஹாமில்டன் வீட்டை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுகிறாள், எல்லோரும் சிங்கி இறால் சாப்பிடுகிறார்கள். ரொம்பத் தித்திப்பு என்று ஃப்ளோராவிடம் சொன்னேன். “நீங்க நினைக்கிறத விட அதிகமா நடக்கும். பத்திரிகைலதான் வராது” என்றார்.

நான்காவதாக ஒன்று, தூரோவா — வேண்டாம். ஷட்டர் அசைகிறது.

9

ஷட்டர் அரை அடி உயர்ந்தது. அந்த இடைவெளியில் நையோவின் முகம். அழுதிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“அக்கா.”

“சொல்லும்மா.”

“காப்பாளரா இன்னொருத்தர சேக்கலாம்னு சொன்னீங்கள்ல. அண்ணன் பேரைச் சேத்தா, என் பேரை எடுத்துருவாங்களா?”

மெரானியா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். கேட்க எத்தனையோ இருந்தது அவளுக்கு. அப்படியென்றால் யாரோடு? எப்போதிலிருந்து? வாய் வரை வந்ததை எல்லாம் விழுங்கினாள். அவளுடைய வாழ்க்கையிலேயே மிகச் சின்ன பதிலைச் சொன்னாள்.

“எடுக்க மாட்டாங்க.”

“டேன் பேரு?”

“அதுவும் இருக்கும்.”

“மூணு பேரும் இருக்கலாமா?”

“இருக்கலாம்.”

நையோ திரும்பி உள்ளே பார்த்தாள். யாரைப் பார்த்தாள் என்று இங்கிருந்து தெரியவில்லை. நாற்காலி ஒன்று நகர்ந்தது. “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்றது தூரோவாவின் குரல், தழுதழுத்துப்போய். என்ன சொல்லியிருந்தான், யாரிடம், தெரியாது. நையோ ஷட்டரைத் தானே இறக்கிவிட்டாள்.

மெரானியா ஈரக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் பயந்ததெல்லாம் தான் கூடத்தில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று சட்டம் சொல்வதைக் கேட்டபிறகும் அந்தப் பெண் கேட்டது, அண்ணனை எப்படிச் சேர்ப்பது என்று.

கஹு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“நானும் உள்ள போலாமா, இல்ல என்னையும் வெளிய அனுப்பிடுவாங்களா?”

“உன்னை அனுப்ப முடியாது. நீ அவங்க ஆளு.”

“நீங்க?”

“நான் இங்கதான் இருப்பேன்.”

“சரி. கோப்பை எல்லாம் துடைச்சு வைங்க” என்று துண்டை மெரானியாவிடம் கொடுத்துவிட்டு, கஹு கதவைத் தோளால் தள்ளித் திறந்து உள்ளே போனாள். திறந்த கதவின் வழியாக நான் எட்டிப் பார்த்தேன், மறுக்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் தூரோவாவும் அந்தப் பக்கம் நையோவும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் கையை நீட்டியது மட்டும் தெரிந்தது. கஹு எந்தப் பக்கம் போனாள் என்று பார்ப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பெரிய சிரிப்பு ஒன்று எழுந்தது.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வாசகரே, நீங்களும் அந்தக் குடும்பத்து ஆள் இல்லை. அவர்கள் கூப்பிடும்போது போவோம், பானையில் எல்லோருக்கும் இருக்கிறது. அதுவரை இந்தத் துண்டைப் பிடியுங்கள், கோப்பை நிறையக் கிடக்கிறது.